புஷ்பாவின் ஒரு வாய்த் தண்ணீர்

உத்திரமேரூர் ஏரிக்கரைத் தெருவில் புஷ்பாவுக்கு ஒரு பெரிய பதவி உண்டு. வருஷம் முழுக்க நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஆள்தான். ஆனால் கிறிஸ்துமஸ் வந்துவிட்டால், ஜெபக்கூடத்து நாடகத்தில் திரை ஓரமாக நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவள் அவள். ஏரோது ராஜா வேஷம் கட்டுவது அவள் புருஷன் சாமுவேல். இத்தனை வருஷத்தில் ராஜாவுக்கு ஒரு வரிகூட மனப்பாடம் ஆனதில்லை, ஒருமுறைகூடத் திணறியதும் இல்லை. ஓரக்கண்ணால் பார்ப்பான், புஷ்பாவின் உதடு அசையும், உடனே கர்ஜிப்பான். ஒரு வருஷம் அவளுக்குத் தும்மல் வந்தபோது ராஜாவும் சேர்ந்து தும்மினார். சபையோர் அதற்கும் கைதட்டினார்கள்.

நாடகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்து ஆளிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால், "இடுப்பாண்ட சார்" என்று இவள் சொல்லிவிடுவாள். கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் போதும், பதில் சொல்லாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும்.

அப்படிப்பட்டவளின் வாசலுக்குத்தான் காஞ்சிபுரத்திலிருந்து தேவயானி வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் எப்படி வாசிக்கக் கற்கிறார்கள், பள்ளிக்கூடம் எந்த இடத்தில் கைகொடுக்க வேண்டும் என்று ஆராய்கிற குழுவில் அவள் வேலைக்குப் புதுசு. சின்னக் கதை அச்சடித்த அட்டை ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுப்பாள், சரிபார்க்க அதே அட்டை ஒன்றைத் தானும் வைத்துக்கொள்வாள்.

முதலில் புஷ்பாவின் மகள் சோபியா உட்கார்ந்தாள். படிப்பது நாலாம் வகுப்பு. அட்டையைப் பார்த்தவுடன் அவள் முழித்த முழி புஷ்பாவின் கண்ணில் பட்டுவிட்டது. வந்திருப்பவள் நம் பிள்ளையை மக்கு என்று எழுதிக்கொண்டு போவதா? புஷ்பா நைசாகத் தேவயானியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து உதட்டை அசைத்தாள். சோபியா சும்மாவா, ஏரோதுவின் மகளாயிற்றே! கதை மடமடவென்று கொட்டியது.

அப்புறம் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் புஷ்பாவின் உதட்டைப் பார்த்தே மடமடவென்று வாசித்துத் தள்ளினார்கள். ஒரு பையன் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தான். தேவயானி மலைத்துப் போய் "அசாத்தியத் திறமை" என்று குறித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அவள் சொன்னாள்: "ரொம்ப சந்தோஷம் அக்கா. வாசிக்கத் தெரியாத பிள்ளைங்க இருந்தா, சாயங்கால வகுப்புக்கு ஒரு டீச்சர் போடலாம்னு இருந்தோம். இங்க தேவையே இல்ல. திருப்புட்குழி பக்கம் போட்டுடுறோம்."



தேவயானியின் தலை மறைந்ததும் சாமுவேல் ஆரம்பித்தான். "வூட்டுப்பாடத்துக்கும் நீதான் சொல்லிக்கினு கீற, இப்ப டீச்சரையும் தொரத்திட்ட. என்னப் பாரு, இத்தினி வருஷத்துல ஒரு வரியாவது கத்துக்கினேனா? எம் பொண்ணும் அப்டியே ஆவட்டும்."

இந்த ஒரு விஷயத்தில் ராஜா சொந்த வசனம் பேசினார், அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நாளைக்குப் பரீட்சை அறையில் சோபியாவுக்கு யார் உதடு அசைப்பார்கள்? செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள்.

"யம்மா, ஏறாத! எம் பொண்ணுக்கு படிக்கத் தெரியாது. நாந்தான் பின்னால நின்னுக்கினு சொல்லிக் குட்த்தேன்!"

நின்றிருந்த கூட்டமெல்லாம் திரும்பிப் பார்த்தது. புஷ்பாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தேவயானியின் பையை அவள் விடவில்லை.

இருவரும் தெருவுக்குத் திரும்புவதற்குள் டீச்சர் சங்கதி பரவிவிட்டது. "எம் புள்ளைக்கு அ கூட தெரியாது, எழுதிக்க!" என்றாள் ஒருத்தி. "எம் பொண்ணு அதவிட மோசம்மா!" என்று இன்னொருத்தி முந்தினாள். பக்கத்து வீட்டு எல்லம்மாளின் மகன் தமிழரசன் மட்டும் சுவரில் இருந்த போஸ்டரைக் கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தான். "வாய மூட்றா, கெடுத்துறாத!" என்று அவன் முதுகில் ஒன்று விழுந்தது.

தேவயானி வேறொரு அட்டையை எடுத்தாள். "அக்கா, இந்தத் தடவை நீங்க வாயே திறக்கக் கூடாது."

"தெறக்க மாட்டேம்மா, சத்தியமா."

அதை நம்ப ஒருவரும் தயாராக இல்லை. சாமுவேல் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். "வாய் நெறிய ரொப்பிக்கினு நில்லு. முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது."

புஷ்பா இரண்டு கன்னமும் உப்ப நின்றாள். தெருவே சிரித்தது. சோபியா அட்டையைப் பார்த்தாள், பழக்க தோஷத்தில் அம்மாவின் வாயைப் பார்த்தாள். உதடு அசையவில்லை.

"எம்மா, நீ சொல்லாட்டி எனக்கு ஒண்ணுமே வரலியே."

சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளைக்குச் செய்வதாக நினைத்து இத்தனை நாளும் என்ன செய்துவைத்திருக்கிறோம் என்று புஷ்பாவுக்கு உறைத்தது. முதல் சொல் அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது. இரண்டே எழுத்து. நாக்கு துடித்தது, முந்தானையைச் சுருட்டி உதட்டின்மேல் அழுத்திக்கொண்டாள்.

சோபியா அட்டையில் விரலை வைத்தாள். "ஆ..." என்றாள். விரல் நகர்ந்தது, நின்றது, மறுபடி பின்னால் வந்தது. "...மை. ஆமை! எம்மா, ஆமை!"

அடுத்த சொல் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. "இது போதும், வகுப்பு இங்கதான்" என்றாள் தேவயானி. பிள்ளை ஃபெயிலானதற்குத் தெரு விசிலடித்தது.

சாமுவேல் மட்டும் பெண்டாட்டியைச் சந்தேகமாகப் பார்த்தான். "ஆமைன்னு நீதான சொல்லிக் குட்த்த?"

புஷ்பா முந்தானையை எடுத்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வாயிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை.