வெர்னாவின் ஆள்காட்டி விரல்

கையுறையை மாட்டியதும் இடது ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் கத்தரியால் நறுக்கி எறிந்துவிட்டுத்தான் வெர்னா லிண்ட்க்விஸ்ட் நோயாளியின் பக்கம் திரும்புவாள். விதிப்படி அது கூடாது. "ரப்பருக்கு நரம்பு தெரியுமா? விரலுக்குத்தான் தெரியும்," என்பாள். பிறகு முழங்கை மடிப்பை இரண்டு தட்டுத் தட்டி, "வாடி வெளியே, ஒளிஞ்சுக்கிட்டா விட்ருவேனா?" என்று நரம்போடு பேச ஆரம்பிப்பாள். அதுவும் மரியாதையாக எழும்பி வரும்.

அமெரிக்காவின் வடகோடியில், ஏரி உறைகிற குளிர் ஊரான டுலூத்தின் மருத்துவமனை ஒன்றில் ரத்தம் எடுக்கும் வேலையில் அவளுக்கு இருபத்தெட்டு வருஷம். வெர்னா இன்று விடுமுறை என்று கேள்விப்பட்டதும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிற கிழவர்கள் உண்டு. பக்கத்து இருக்கை டோரீன் ஒரு தரம் குத்தித் தவறிவிட்டால் போதும், வெர்னாவின் குரல் அறை முழுக்கக் கேட்கும்: "என்னடி, ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் தேடறியா?"

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வேண்டாம் என்று வருஷக்கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் வெர்னா. கூட வேலை பார்த்த ஒருத்திக்கு அந்த நோய் தொற்றி ஈரல் கெட்ட பிறகுதான் வழிக்கு வந்தாள். மூன்று ஊசி போட்டார்கள். சோதித்தால் உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை. மறுபடி மூன்று போட்டார்கள். கடைசிச் சோதனைக்கு அவள் நரம்பு யார் கைக்கும் அகப்படவில்லை. "தள்ளுங்க எல்லாரும்," என்று கையில் கட்டும் பட்டையைப் பல்லால் இழுத்துப் பிடித்துத் தானே ஊசியைச் செருகிக்கொண்டாள்.

முடிவைச் சொல்ல ஊழியர் நலப் பிரிவு நர்ஸ் மாரிசோல் நேரிலேயே வந்தாள். மணிலாக்காரி, வயதில் மூத்த பெண்கள் எல்லோரும் அவளுக்கு அக்காதான்.

"அக்கா, நோய் தொத்தல. அது நல்ல சேதி."

"கெட்டதையும் கொட்டிடு."

"ஆறு ஊசிக்கும் உங்க ஒடம்பு அசையவே இல்ல. சில பேருக்கு இப்படித்தான். அந்த வெரல மூடுங்கக்கா. சின்னக் கீறல் இருந்து, அதுல நோயாளி ரத்தம் பட்டாப் போதும்."

வீட்டில் சொன்னபோது புருஷன் வால்ட் செய்தித்தாளைக்கூட இறக்கவில்லை. "முப்பத்தஞ்சு வருஷமா நான் சொன்னதையே கேக்காதவ, ஊசி சொன்னதையா கேக்கப்போறே?" வெர்னா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் உள்ளே பயந்துபோயிருந்தாள். உயிருக்குப் பயமா, விரலைப் பற்றிய பயமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் வந்த முதல் ஆள் கோவல்சுக் என்ற கிழவர்; நூல் மாதிரி நரம்பு. வெர்னா கையுறையை நறுக்கவில்லை. தடவினாள், தட்டினாள், கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். "வாடி," என்றாள். ஒன்றும் எழும்பவில்லை. உத்தேசமாகக் குத்தினாள். ரத்தம் வரவில்லை.

"என்ன வெர்னா, ஒடம்பு சரியில்லையா?" என்றார் கிழவர். இந்த நாளுக்காகப் பல வருஷம் காத்திருந்த டோரீன், வாய்வரை வந்ததை ஏனோ விழுங்கிக்கொண்டாள்.

கத்தரி எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. வெர்னா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, "நீ வந்து எடுடி," என்று தன் சக்கர முக்காலியைக் காலால் டோரீன் பக்கம் தள்ளிவிட்டாள்.