எங்கட பிள்ளைதானே என்று திறந்தேன்

போன வருடம் மாசி மாதம், ஒஸ்லோவில் நான் வேலை செய்யும், ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சிறிய நிறுவனத்தில் நடந்தது. புதிதாக ஆள் எடுப்பதற்கு வந்த விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. அன்று காலை வந்த ஒன்றில் தமிழ்ப் பெயர். துரொண்ட்ஹெய்ம் நகரில் படித்த பெண்பிள்ளை. எனக்கு ஒரே புளுகம், சந்தோசம்!

விண்ணப்பத்தோடு தான் எழுதிய நிரல் ஒன்றையும் அனுப்பியிருந்தாள். வெளியாட்கள் அனுப்பும் நிரல்களை அதற்கென்று ஒதுக்கிய கணினியில்தான் திறக்க வேண்டும். அது பக்கத்து அறையில் இருந்தது. எங்கட பிள்ளைதானே என்று, கூட வந்த நோர்வேஜியக் கடிதத்தைக்கூட வாசிக்காமல், நிரலை என் கணினியிலேயே திறந்துவிட்டேன்.

மதியம் பாண் துண்டைக் கடிக்கும்போது, எங்கள் பாதுகாப்பு வேலைகளைப் பார்க்கும் சென்னைத் தம்பி ஓடி வந்தார். நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கிறதே ஒரு மென்பொருள், அதில் ஓட்டையாம். யாராவது வேண்டுமென்றே மிக நீண்ட வரியை எழுதி அனுப்பினால், சின்னச் சட்டியில் ஊற்றிய பால் மாதிரி, ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி வழியும். அதோடு திருடனின் கட்டளையும் நம் கணினியில் ஓடலாம்.

"நாம இன்னும் அப்டேட் பண்ணலண்ணே. வெளி கோட் எதையும் திறக்கலையே?"

"இல்லை" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

இடத்துக்கு வந்து அவளுடைய கோப்புகளைப் பார்த்தேன். ஐயோ! ஒன்றில் முடிவே இல்லாத ஒரு வரி. என் கணினியிலிருந்து ஆயிரக்கணக்கான நோயாளர்களின் விபரங்களுக்கு வழி இருந்தது. கெட்டிக்காரக் கள்ளி, பெயரைக் காட்டி ஏமாற்றிவிட்டாளே என்று மனதுக்குள் திட்டினேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று பத்து நிமிடம் கழித்து எழும்பினேன்.

"தம்பி, பொய் சொல்லிப்போட்டன். நான் திறந்தனான்."

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இணையத்தைத் துண்டித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் சோதித்தார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த நீண்ட வரி வெறும் பஸ் தரிப்பிடங்களின் பட்டியல்.

பிறகு அவளுடைய கடிதத்தைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். இன்று காலை ஒரு பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டிருக்கிறது, தயவுசெய்து மென்பொருளைப் புதுப்பித்த பிறகே என் நிரலைத் திறவுங்கள் என்று கடைசியில் எழுதியிருந்தாள்.

"இந்தப் பொண்ண உடனே கூப்பிடுங்கண்ணே" என்றார்.

இப்போது அவள் என் எதிர் மேசையில் இருக்கிறாள். வெட்கத்தில் இந்தக் கதையை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அன்று காலை அவளை நம்பினேன், மதியம் கள்ளி என்றேன். இரண்டு தடவையும் நான் வாசித்திருந்தது அவளுடைய பெயரை மட்டும்தான்.