எனக்கிருந்த ஒரே கண்

எனக்கு இடக்கண்ணில் சிறுவயதிலிருந்தே பார்வை இல்லை. வலக்கண் ஒன்றை நம்பித்தான் உப்புவெளிக் கடற்கரையில் ஒரு விடுதியில் சமைத்து வந்தேன். போன வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் காலை, குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கண்ணுக்குள் கறுப்பு நூல்கள் மிதந்தன. பிறகு புகை மூடியது. மத்தியானத்துக்குள் கையிலிருந்த கத்தியே தெரியவில்லை. சுவரைத் தடவி வெளியே வந்து கத்தினேன்.

கணவர் தேவராஜன் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். வழியெல்லாம் அவருடைய சேட்டுத் துணியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

கண் டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்த்தார். "அம்மா, உங்கடை சீனி வருத்தத்தாலை, நீரிழிவாலை, கண்ணுக்குள்ளை ரத்தம் கசிஞ்சிருக்கு. உள்ளுக்கு ஒண்டும் பார்க்க ஏலாது. விழித்திரை கழண்டிருக்கோ எண்டு ஸ்கான் எடுத்துத்தான் சொல்லலாம்."

"கழண்டிருந்தா?" என்று கணவர் கேட்டார்.

"உடனே கொழும்புக்கு அனுப்போணும். பிந்தினா பார்வை திரும்பாது."

என்னைப் படுக்க வைத்தார்கள். மூடிய இமைமேல் குளிர்ந்த ஜெல்லைப் பூசி ஒரு கருவியை வைத்தார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஸ்கான்தான், நோகாது என்றார்கள். நோகவில்லை. டாக்டரம்மா திடீரெனக் கருவியை ஒரே இடத்தில் நிறுத்தினார். பெரிய டாக்டரைக் கூப்பிட்டு, "சேர், இஞ்சை பாருங்கோ, சவ்வு மாதிரி ஒண்டு நிக்குது" என்று மெல்லச் சொன்னார்.

விழித்திரைதான் கழண்டுவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பாடமாயிருந்த வேதாகமச் சங்கீதம் ஒன்றும் வாயில் வரவில்லை. "இயேசப்பா, என்னைத் தனிய விடாதேங்கோ" என்று மட்டும் உதடு அசைந்தது. கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"அம்மா, கண்ணைத் திறக்காமல் இடப்பக்கம் பாருங்கோ. இப்ப வலப்பக்கம். நிப்பாட்டுங்கோ," என்றார் பெரிய டாக்டர். திரும்பவும் செய்யச் சொன்னார். மூச்சை அடக்கிக்கொண்டு செய்தேன்.

"பயப்பிடாதேங்கோ. கண்ணைத் திருப்பேக்கை இது தளர்வா ஆடுது, விழித்திரையெண்டா இப்பிடி ஆடாது. கண்ணுக்குள்ளை நிரம்பியிருக்கிற ஜெல் மாதிரிப் பசையின்ரை சவ்வுதான் விலகியிருக்கு. விழித்திரை அதின்ரை இடத்திலை இருக்கு."

நான் வாய்விட்டு அழுதேன்.

ரத்தம் உடனே கரையவில்லை. ஒவ்வொரு விடியலும் பயத்தோடுதான் எழும்பினேன். முதலில் வெளிச்சம் வந்தது, பிறகு நிழல்கள். ஒருநாள் கதவடியில் நின்ற மகளின் காதில் தோடு மினுங்கியதைக் கண்டேன். அதன்பின், இனியும் ரத்தம் கசியாதிருக்க லேசர் செய்தார்கள்.

டாக்டர்மார்தானே காப்பாற்றினார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். ஓம், அவர்கள்தான். அவர்களை எனக்காக அங்கே நிறுத்தியவரையும் நான் அறிவேன். இப்போது கிளினிக் நாட்களில், ஸ்கானுக்காகக் காத்திருப்பவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன்: பயம் போன பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பயந்தபடியே அவரிடம் போங்கள். நடுங்குகிற குரல் அவருக்கு நன்றாகவே கேட்கும்.