மாமியின் தயிர்ச்சட்டி

எங்கள் கிழக்குக் கரைப் பக்கத்தில் கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டோடுதான் வாழ்வான். சுனாமி என் மனைவியைக் கொண்டு போன பிறகும் நான் அவளுடைய தாயான மாமியின் வீட்டிலேயே இருந்தேன். என் மகளை மாமிதான் வளர்த்தார்.

யுத்தம் முடிந்த வருடம் மாமியை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனேன். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஈரலில கொழுப்பு. இறுகவும் தொடங்கிட்டுது. சீனி, எருமைத் தயிர் எல்லாத்தையும் விட வேணும். இல்லாட்டி இந்த வயசில கஷ்டம்."

மாமியோடு நேரே நின்று பேசிப் பழகாதவன் நான். சொல்ல வாய் வரவில்லை. மாமிக்கு வருத்தமென்று உடம்பை விசாரிக்க வந்த சனமோ ஆளுக்கொரு சட்டித் தயிரோடு வந்தது. மாமி சீனி போட்டுக் குழைக்கும்போதெல்லாம் நான் எழுந்து முற்றத்துக்குப் போனேன்.

ஐந்தாம் நாள் அவருடைய கால்கள் வீங்கியிருந்தன. ஓடிப்போய்ச் சட்டியைப் பிடித்தேன்.

"இது வேணாம் மாமி. டொக்டர் தயிரை விடச் சொன்னவர்."

"இத்தனை வருசம் வாய் திறக்காத மருமகன், தயிருக்கோ வாய் திறக்கிறீங்க?" என்று சிரித்தார்.

"நீங்களும் போயிட்டா பிள்ளைக்கு ஆரு?"

மாமி கையைக் கழுவினார். "டொக்டர் வேற என்ன சொன்னவர்? ஒளிக்காமச் சொல்லுங்க மகன்."

சட்டியைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக மாமிக்கு நேரே உட்கார்ந்து, ஈரல் இறுகத் தொடங்கியதைச் சொன்னேன்.