அக்கரைக்குக் கேட்ட குழல்

தலையில் கவிழ்த்த கூடைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு, குழல் ஊதிப் பிச்சைக்கு வரும் குழல்சாமிகளை நான் ஒருநாளும் நம்பியதில்லை. பாதிப்பேர் ஒற்றர்கள் என்று ஊருக்கே தெரியும். அப்படி வந்த கைகெட்சு என்பவனுக்கு என் தேநீர்க்கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையை விட்டேனே, என் புத்தியை என்ன சொல்ல! அவன் ஒற்றன் என்று தெரிந்தால் தண்டனை எனக்கு மட்டுமல்ல. இங்கே ஐந்து வீடு ஒரு கட்டு. ஒரு வீட்டில் குற்றம் என்றால் ஐந்து வீட்டாருக்கும் கயிறு.

மற்ற சாமிகள் வாசலில் இரண்டு பாட்டு ஊதுவார்கள், அரிசி வாங்குவார்கள், போய்விடுவார்கள். இவன் பாட்டுப் பக்கமே போகவில்லை. விடிந்ததும் படித்துறையில் நின்று, மூங்கில் குழலின் துளைகளையெல்லாம் மூடி, ஆக அடியிலுள்ள ஒரே சுரத்தை மூச்சு தீரும்வரை ஊதுவான். மறுபடி அதையே. குளிர்காலம் முழுக்க வெறும் காற்றுதான் வந்தது.

"ஏஞ்சாமி, வேற எதுவும் தெரியாதா?" என்று கேட்டேன்.

"இதுவே இன்னும் வரலியேம்மா" என்றான். நன்றாகத்தான் சமாளிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்று நடும் காலத்தில் ஓசை கெட்டிப்பட்டது. இலை உதிரும்போது அக்கரை வரை கேட்டது. எங்களுக்குப் பயம் பிடித்ததும் அப்போதுதான். பீப்பாய் செய்யும் தொமெகிச்சி எங்கள் ஐந்து வீட்டுக்கும் தலைவர். அவர் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"அக்கரைக்குக் கேக்கணும்னுதானே அக்கா இத்தனை நாளா பழகியிருக்கான்? அங்க எவனோ காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. வேறு யாராவது போட்டுக்கொடுக்கும் முன் நாமே சொல்லிவிடுவோம் என்று அவரே காவல் சாவடிக்குப் போனார்.

சாமிகளின் கூடையைக் கழற்றச் சொல்லச் சாவடி அதிகாரிக்கும் உரிமை கிடையாது. அதனால் அக்கரையிலிருந்து இன்னொரு கூடைச்சாமியைக் கூட்டி வந்தார். ஒருவர் அழைப்புப் பாட்டு ஊதினால் மற்றவர் அதற்குரிய பதில் பாட்டை ஊத வேண்டும், அது அவர்களுக்குள் வழக்கம். தெரியாதவன் போலி. வந்தவர் அழைப்பை ஊதினார். கைகெட்சு அதே ஒற்றைச் சுரத்தைத்தான் ஊதினான். சேவகன் கயிற்றைப் பிரித்தான். அது எனக்கும் சேர்த்துத்தான். ஆனாலும் அந்த ஓசை முடிந்துவிடக் கூடாதே என்று இருந்தது. என் மேலேயே எரிச்சலாக வந்தது.

வந்த சாமி தன் குழலை இடுப்பில் செருகினார். பிறகு அதிகாரியிடம் சொன்னார்: "விட்டுடுங்க, இவர் எங்க ஆளுதான். ஒற்றனா இருந்தா நாலு பாட்டை அரைகுறையாக் கத்துக்கிட்டு வந்திருப்பான். ஒத்தைச் சுரத்தோட வருஷம் பூரா எவன் மல்லுக்கட்டுவான்?"

அதிகாரி தலையாட்டினார். சேவகன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டான். ஐந்து வீட்டிலும் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

மறுநாள் விடிந்தது. படித்துறையில் ஓசை இல்லை. கொட்டகை காலி. இரண்டு கூடைகளும் சேர்ந்தே மலைப்பாதையில் ஏறிப் போனதைப் படகுக்காரன் பார்த்திருக்கிறான்.

தொமெகிச்சி என் பக்கத்தில் வந்து, குரலை இறக்கிக் கேட்டார்: "அக்கா, சோதிக்க வந்தவரு மூஞ்சிய நம்மள்ல யாராவது பாத்தோமா?"

அன்று மாலை ஐந்து வீட்டாரும் என் கடையில் கூடினோம். சாவடிக்கு யாரும் போவதில்லை என்று பேசி முடித்தோம்.