இடிக்கு முன்னால் ஒரு சத்தம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குப் படம் எடுக்கும் வேலை. வெள்ளைத் துணி மேல் ஒற்றை ஷூவை வைத்து முன்பக்கம், பின்பக்கம், அடிப்பாகம் என்று எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். ஷூ அசையாது, சிரிக்காது. பல வருஷம் இதையே செய்தால் எவனுக்கும் ஒரு கிறுக்கு வரும். எனக்கு வந்தது மின்னல் கிறுக்கு.

மின்னலைப் பார்த்த பிறகு பட்டனை அழுத்தினால் வெறும் வானம்தான் கிடைக்கும். அதற்கென்றே தீப்பெட்டி அளவில் ஒரு கருவி விற்கிறார்கள். கேமராவின் தலையில் செருகிவிட்டால் போதும். வெளிச்சம் சட்டென்று மாறிய கணமே அது கேமராவைத் தட்டிவிடும், 'சடக்' என்று ஒரு சத்தம். பகலிலும் பிடிக்கலாம். அதை வாங்கியதிலிருந்து, வெயில் கொளுத்திவிட்டுச் சாயங்காலம் வானம் கருத்தால் நான் மொட்டை மாடியில்தான்.

என் மனைவி அந்நேரம் உள்ளறையில் இருப்பாள். ஜன்னலையெல்லாம் சாத்தி, போர்வைக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. இடி என்றால் அவளுக்கு உயிரே போய்விடும். இத்தனைக்கும் அவளும் என் கம்பெனிதான். தோல் வெட்டும் பிரஸ்ஸில் நிற்கிறாள். நாளெல்லாம் காதருகே தடால் தடால் என்று அடித்துக்கொண்டிருக்கும்.

"அதுக்கு பயப்படாதவ, எங்கியோ வானத்துல உருள்றதுக்கு இன்னாத்துக்கு இப்டி நடுங்கற?" என்று ஒருநாள் கிண்டலடித்தேன்.

"அது நான் அழுத்தினாத்தான் அடிக்கும். இது சொல்லிட்டா வருது?" என்றாள். "இடி இடிக்கசொல்ல பக்கத்துல இருக்க வேண்டிய ஆளு மாடி மேல போய் குந்திக்கினு இருக்கீங்க. உங்களுக்கு இன்னா ஆவுமோன்னு அது வேற பயம்."

அடுத்த மழைக்குக் கேமராவைக் கூடத்து ஜன்னலுக்கு இறக்கினேன். மனசார இல்லை. ஜன்னல் கம்பி படத்தில் விழுமே என்று முணுமுணுத்துக்கொண்டேதான். எங்கள் ஊரைச் சுற்றி மலை. வந்த இடியை லேசில் விடாது, வாங்கி வாங்கி உருட்டும். நாலைந்து இடி உருண்டு முடிந்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னாங்க, அந்த மிஷின் சத்தம் போட்டப்புறந்தான் இடி வருதா?"

"ஆமா. மின்னல் மொதல்ல, இடி அப்புறம். இஸ்கூல்ல படிக்கல?"

"படிச்சேன். நான்தான் கண்ணை மூடினு இருக்கேனே, மின்னல எங்க பாக்கறது?"

மறுபடி 'சடக்'. அவள் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கூடம்வரை கேட்டது. இடி வந்தது, உருண்டது, அடங்கியது. "வந்துட்டு போச்சு" என்றாள், பால்காரர் வந்துபோனதைச் சொல்வது போல. அத்தனை வருஷமும் ஒவ்வொரு இடியையும் இருட்டுக்குள் திடீர் திடீரென்று வாங்கியிருக்கிறாள். எனக்கு அவளை நினைத்துப் பாவமாக இருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உறவுக்காரர் ஒருவரை ரயிலேற்றிவிடக் காட்பாடி போயிருந்தேன். திரும்பும்போது மேற்கே வானம் மையாகக் கருத்துவிட்டது. வீட்டில் அவள் தனியாக. போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். என் ரயிலோ நின்று நின்று வந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் போர்வைக்குள் கிடக்கும் அவள்தான் கண்ணுக்குள் வந்தாள். பெட்டியில் எல்லார் மேலும் எனக்கு எரிச்சல். ஆம்பூரில் இறங்கி மழையிலேயே ஓடினேன்.

கதவைத் திறந்தவள் கையில் கத்தி. கரண்ட் இல்லை. தரையில் பேப்பர் விரித்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். எந்த ஜன்னலை இறுக்கிச் சாத்துவாளோ அது அகலத் திறந்து கிடந்தது. அதன் எதிரில் ஸ்டாண்டில் கேமரா, சாரல் படாமல் மேலே ஒரு துண்டு, கருவி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி. மழைக்கு மழை நான் செய்வதைப் பார்த்து அவளே இரண்டையும் ஆன் செய்திருக்கிறாள்.

'சடக்'. கத்தியைக் கீழே வைத்தாள், கண்ணை மூடினாள், மூச்சைப் பிடித்தாள். இடி மலையில் உருண்டு முடிந்ததும் கத்தியை எடுத்தாள்.

அவள் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் என் புத்தி படத்துக்குப் போய்விட்டது. இப்படியொரு மழை, அகலத் திறந்த ஜன்னல், எவ்வளவு விழுந்திருக்கும்! துண்டை விலக்கித் திரையைத் தட்டினேன். கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. அத்தனையும் கறுப்பு. லென்ஸுக்கு மூடி போட்டபடியே இருந்தது.

"அய்யோ, மூடிய கழட்டலியே நீ! எப்பேர்ப்பட்ட மின்னல், எல்லாம் போச்சே!" என்று கத்தினேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "படம் எனக்கு இன்னாத்துக்குங்க?"

மூடியைக் கழற்றப் போன கையை எடுத்துக்கொண்டேன். ஈரச் சட்டையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி பீன்ஸை என் பக்கம் இழுத்து நார் உரித்தேன். வெளியே மின்னலில் வானம் வெளுத்தது. 'சடக்'. அவள் மூச்சைப் பிடித்தாள். நானும் பிடித்தேன்.