நத்சுயேவுக்காக நின்ற வண்டி

ஒகிதா ரயில் நிலையத்தில் ஊழியர் என்று யாரும் இல்லை. ஒற்றைப் பெட்டி வண்டி வரும். கதவருகே இருக்கும் பொத்தானை நாமே அழுத்தி ஏற வேண்டும். சீட்டு, காசு, விசாரிப்பு எல்லாம் ஓட்டுநர் நிவாவிடம்தான்.

குராமோச்சி தெய்ஜிக்கு நகரத்து மீன் ஆலையில் வேலை. மனைவி நத்சுயே அங்கேயே ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இருந்தாள். தினமும் கணவரை நிலைய வாசலில் இறக்கிவிட்டு, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் காரை நிறுத்தி, சீப்பைத் தேடித் தலைவாரிவிட்டுத் தாமதமாக ஓடி வருவாள். அவள் தலையைக் கண்ணாடியில் பார்த்த பிறகே நிவா கதவை மூடுவார்.

பனி உருகும் பருவத்தில் நத்சுயே இறந்துபோனாள். சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் மகள்தான் தொலைபேசியில் சொன்னாள். தெய்ஜி தன் வாயால் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்துவிட முடிந்தால் போதும் என்றிருந்தது. அழுகையும் வரவில்லை.

மறுபடி வேலைக்குக் கிளம்பிய காலையில் நடந்தே வந்தார். பொத்தானை அழுத்தி ஏறி உட்கார்ந்தார். வண்டி நகரவில்லை. நிவா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அக்கா எங்க? இன்னிக்கும் சீப்பத் தேடுறாங்களா?"

"சீப்பு கெடச்சா செருப்பு கெடைக்காது அவளுக்கு," என்றாள் வைத்தியரிடம் போகும் ஹிரோசே கிழவி. பெட்டியில் சிரித்தார்கள். தெய்ஜியின் வாயும் சிரிப்பது போல விரிந்தது.

"இன்னும் கொஞ்சம் பாக்குறேன். மேலதிகாரி திட்டுனா உங்க பேரத்தான் சொல்லுவேன்," என்றார் நிவா.

"வரமாட்டா," என்றார் தெய்ஜி.

"லீவா?"

"இல்ல. நின்னுட்டா."

"வேலைய விட்டா? அப்பாடா, இனிமே எனக்கு லேட் கெடையாது!"

"குடுத்து வச்சவ," என்றாள் கிழவி. "இந்நேரம் போர்வைக்குள்ள கெடப்பா."

"ஆமா."

வண்டி கிளம்பியது.

மறுநாள் கிழவி அவர் மடியில் ஒரு டப்பாவை வைத்தாள். முள்ளங்கி ஊறுகாய். "நத்சுயேகிட்ட குடு. சும்மா வீட்ல இருந்தா வாய் எதையாவது கேக்கும்."

மாலையில் அதை மனைவியின் படத்துக்கு முன்னால் வைத்து ஊதுபத்தி ஏற்றினார். பத்தி அணைந்ததும் எடுத்துச் சோற்றோடு சாப்பிட்டார்.

அடுத்த நாள் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"என்ன சொன்னா?"

தெய்ஜி சற்று யோசித்தார். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்காம்."

"கொழுப்பப் பாரு! நேர்ல வந்து சொல்லச் சொல்லு."

"சொல்றேன்," என்றார்.

நிவா கதவை மூடினார். வண்டி சரியான நேரத்துக்குப் புறப்பட்டது.